சிவப்புக் குறி போட்ட ஜாதகம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில், உள்ளூர்க்காரர்கள் சொல்கிறபடி ஓ.டி.யில் (ஓல்டு டவுன்), இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா வெள்ளி வேலை செய்த பத்தர். என் நட்சத்திரம் மூலம். கடைசியில் சொன்ன விஷயம் இல்லாவிட்டால் இந்த மடலே இல்லை.

போன மாதம் என் தம்பி மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவருடைய மையத்துக்கு வந்தேன். எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. மற்றவர்களும் அதைத்தானே செய்கிறீர்கள். பெண்ணுக்கு 27 வயது, எம்.காம். படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். உயரம், நிறம், சம்பளம், குலதெய்வம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், நட்சத்திரம் என்ற கட்டத்தில் விரலை வைத்து நின்றாள். இழுப்பறையைத் திறந்து சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, படிவத்தின் வலது மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பொது அடுக்கில் வைக்காமல், ரப்பர் பேண்ட் போட்டிருந்த வேறொரு கட்டில் செருகினாள்.

"இது ஏம்மா தனியா?" என்று கேட்டேன்.

"மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் எல்லாம் தனிக்கட்டு மேடம். கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் காட்டுவோம்."

நல்ல பெண்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க மேடம், மாமனார் இல்லாத வரன் ரெண்டு மூணு கைவசம் இருக்கு." அப்புறம் ஒரு விசிட்டிங் கார்டையும் தள்ளினாள். தோஷ நிவர்த்தித் தகடு, பூஜையோடு சேர்த்து 3,500 ரூபாய்.

மாமனார் இல்லாத வரன். மூலத்துப் பெண் வந்தால் மாமனார் போய்விடுவார் என்கிற பயம்தான். எங்கேயோ ஒரு வீட்டில் அப்பாவைப் பறிகொடுத்த பையன் ஒருவன், அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் கட்டின் மேலே வந்து உட்கார்ந்துவிடுகிறான். இந்தத் தகுதியைச் சொல்லும்போது சொல்கிறவர்களுக்கும் கூசுவதில்லை, கேட்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் முடித்தார்கள். என்னை அடுத்தடுத்து ஏழு வீட்டில் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏழாவது வீட்டார் கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்க நம்பிக்கையோடு இருந்தாள். 1993இல், 31 வயதில், மாமனார் இல்லாத வீட்டுக்குப் போனேன். போன முதல் வாரம் என் மாமியார் பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்னது சமையலறைக்குக் கேட்டது: "எங்க வீட்டுல போறதுக்குத்தான் ஆள் இல்லையே, அப்புறம் மூலத்துக்கு என்ன பயம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வரையில் அது நிம்மதிப் பெருமூச்சு.

என் தங்கைக்கு ரேவதி நட்சத்திரம். ஒரு சொல் கிடையாது, ஒரு சிவப்புக் குறி கிடையாது, 22 வயதில் கல்யாணம் முடிந்தது. மூன்றாம் மாதம் அவள் மாமனார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவருக்கிருந்த பீடியைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசினார்கள்.

இனி தாயத்து. நான் பகுத்தறிவுப் பிரசங்கம் செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்துப் படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். தாயத்துச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். அப்பாவின் பட்டறையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஊதுகுழல் துடைக்கிற வேலை. வெள்ளித் தகட்டை அளவாக வெட்டி, இரும்புக் கம்பி மேல் சுற்றி, ஓரத்தோடு ஓரம் சேரத் தட்டுவார். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, பொடியை வைத்து, குமுட்டி நெருப்பைக் குழலால் ஊதுவார். கன்னம் இரண்டும் தவளை போல உப்பும். பொடி உருகுகிற அந்தக் கணத்தில் ஒரு வெள்ளைக்கோடு பளிச்சென்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி நிற்கும். அவ்வளவுதான், குழாய் ஆயிற்று. ஒரு பக்கம் மூடியைப் பற்றவைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்தபடி வாடிக்கைக்காரர் கையில் கொடுப்பார். உள்ளே வைக்க வேண்டியது அவர்கள் பாடு. வைத்துத் திரும்பக் கொடுத்ததும் அரக்கை உருக்கி அடைத்து மூடியை அழுத்துவார். என்ன வைத்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடி. (இப்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: நம் முன்னோர் ஸ்டெம் செல்லைத்தான் தாயத்தில் சேமித்தார்கள் என்று. காய்ந்து சருகான கொடியில் உயிரோடு ஒரு செல்லும் இருக்காது. முன்னோருக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை.) மீதியில் கட்டம் கீறிய செப்புத் தகடு, ஏதோ ஒரு வேர், திருநீறு, தர்காவில் ஓதி எழுதிக் கொடுத்த காகிதம். எங்கள் தெருவில் பாய் வீட்டுக் குழந்தைக்கும் எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் ஒரே அச்சில்தான் குழாய். வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போய்வருகிற எதிர்வீட்டு டீச்சர் தாயத்தைப் பார்த்தால் சிரிப்பார்; அவர் கழுத்தில் மாதா படம் வைத்துத் தைத்த துணி உத்தரியம் தொங்கும். பிறந்த குழந்தைக்கு வசம்பு வளையல் போடாத வீட்டை நான் இந்த ஊரில் அதிகம் பார்த்ததில்லை.

பழக்கமும் இன்று நேற்றையது இல்லை. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஐந்தையும் சின்னதாகச் செய்து பிள்ளையின் கழுத்தில் கட்டியதுதான் ஐம்படைத்தாலி. பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களத்துக்கு வந்தபோது அந்தத் தாலியைக்கூட இன்னும் கழற்றாத சிறுவன் என்று புறநானூற்றுப் பாட்டு ஒன்று சொல்கிறது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குமுட்டி வாசனை வரும். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் தாய்க்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் டாக்டரிடமும் கூட்டிப் போனால் சரி. தாயத்தைக் கட்டுகிறவள் தன் பிள்ளைக்குக் கட்டுகிறாள். வேண்டாம் என்றால் அறுத்துவிடலாம்.

நீங்கள் போடுகிற சிவப்புக் குறி அடுத்த வீட்டுப் பெண்ணின் மேல் போடுவது. அவளால் அதை அறுக்க முடியாது, அது போட்டிருப்பதே பல பேருக்குத் தெரியாது. பெண் ஏன் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைத்துப் பெற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள். ஜாதகமோ உங்கள் ரப்பர் பேண்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? முப்பது வருடம் எதுகை மோனை நடத்தியவள் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். பரணி தரணி ஆளும். மகம் ஜகத்தை ஆளும். கேட்டை கோட்டை கட்டும். பூராடம் நூலாடாது, அதாவது தாலிக்கயிறு தங்காது. அவிட்டம், தவிட்டுப் பானையிலே தங்கம். மூலத்துக்கு நிர்மூலம் எதுகையாக அகப்பட்டது, பரணிக்குத் தரணி அகப்பட்டது. பரணிக்காரி அதிர்ஷ்டசாலி, நான் மாமனாரை விழுங்குகிறவள். அஸ்தத்துக்கும் சதயத்துக்கும் யாருக்கும் நல்ல எதுகை கிடைக்கவில்லை போலிருக்கிறது, அந்தப் பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்டைக்கு மட்டும் இன்னொரு வழியிலும் ஆபத்து வந்தது. ஜ்யேஷ்டா என்ற வடசொல்தான் தேய்ந்து கேட்டை ஆனது. ஜ்யேஷ்டா என்றால் மூத்தவள். மூத்தவள் என்றதும் கணவனின் அண்ணனான மூத்தாருக்கு ஆகாது என்று கதை கட்டிவிட்டார்கள். ஆயில்யம் மாமியாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு. வீட்டில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று.

சோதிடம் பார்க்கிறவர்களிலேயே சிலர், அது "ஆண் மூலம்" அல்ல, "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்பதுதான் வாய்மொழியில் திரிந்து போயிற்று என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஒரு எழுத்துப் பிழைக்காக ஏழு வீட்டாருக்கு நான் காபி கொண்டு போயிருக்கிறேன் என்றால் தமிழாசிரியைக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

உங்கள் தொழிலுக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது, அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது. அந்த வழியை 27 பங்காகப் போட்டால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. பிறந்த நேரத்தில் நிலா எந்தப் பங்கில் நின்றதோ அதுதான் நம் நட்சத்திரம். ஆனால் ஒரு பங்கு எத்தனை மணிக்கு முடிகிறது என்பதில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒத்துப்போவதில்லை. சில நாழிகை முன்னே பின்னே போகும். எங்கள் தம்பி மகள் அந்த இடுக்கில் பிறந்தவள். வாக்கியப்படி மூலம் நான்காம் பாதம். திருக்கணிதப்படி மூலம் முடிந்து பூராடம் பிறந்துவிட்டது. இதைச் சொல்லலாம் என்று கவுன்ட்டருக்குத் திரும்பிப் போனேன். "பூராடமா? பூராடம் நூலாடாதுன்னு சொல்வாங்களே மேடம்" என்றாள் அந்தப் பெண். ஒரு பஞ்சாங்கத்தில் மாமனார் போகிறார், மற்றொன்றில் மாப்பிள்ளையே போகிறான். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் படிவம் அந்தக் கட்டிலிருந்து வெளியே வரவில்லை.

27இல் நான்கு நட்சத்திரம் என்றால் ஏறக்குறைய ஏழு பெண்ணுக்கு ஒருத்தி. அந்தக் கட்டு ஏன் அத்தனை தடிமனாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 30 வயதுப் பையனின் அப்பாவுக்கு அறுபதை ஒட்டி இருக்கும். அந்த வயதில் ஆண்கள் சாகத்தான் செய்கிறார்கள். ஏழில் ஒரு வீட்டில் பழி சொல்ல ஒருத்தி தயாராக நிற்கிறாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாவட்டத்தில் கடல் 600 பேருக்கு மேல் கொண்டு போயிற்று. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் அன்றைக்கு மாமனார்களும் மாமியார்களும் கொழுந்தன்களும் ஒன்றாகப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தவர்களுக்கு நாங்கள் கஞ்சி ஊற்றினோம். அத்தனை அழுகையிலும் எந்த வாயிலிருந்தும் நட்சத்திரம் என்ற பேச்சு வந்து நான் கேட்கவில்லை. தனித்தனியாகச் சாகும்போதுதான் நமக்கு மருமகள் நினைவு வருகிறது.

சாமி பெயரைச் சொல்லி யாராவது வாதாடினால் அதற்கும் பதில் இருக்கிறது. அனுமனுக்கு மூலம் என்று சொல்லித்தான் மார்கழியில் வடைமாலை சாத்துகிறோம். ஆண் என்பதால் விட்டுவிடுவீர்கள். நவராத்திரியில் சரஸ்வதியை எழுந்தருளச் செய்கிற நாள் எது? மூல நட்சத்திர நாள். கலைமகளின் ஜாதகம் உங்களிடம் வந்தால் எந்தக் கட்டில் செருகுவீர்கள்?

நம் ஊர் அப்பரையும் இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறோம். கல்லுக்கும் கடலுக்கும் அஞ்சாத அந்த மனிதர், வயதான பிறகு வேதாரண்யத்தில் திருஞானசம்பந்தர் மதுரைக்குக் கிளம்பியபோது "நாளும் கோளும் சரியில்லை, போகாதே" என்று தடுத்தார். தனக்கு வராத பயம் பிள்ளையை நினைத்ததும் வந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் கோளறு பதிகம். அதில் "ஒன்பதொடு ஒன்றொடு ஏழு பதினெட்டொடு ஆறும்" என்று வருகிற கணக்கைப் பத்து, பதினாறு, பதினெட்டு, ஆறு என்று பிரித்து, மகம், விசாகம், கேட்டை, திருவாதிரை என்று உரை சொல்வார்கள். எல்லாம் பயணத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய நாள்கள். அவையும் நல்ல நல்ல என்று பாடிவிட்டுப் பிள்ளை கிளம்பிப் போய்விட்டது. உங்கள் தனிக்கட்டில் இருப்பவற்றில் இரண்டு அங்கே இருக்கின்றன. நாள்களுக்கே தள்ளுபடி கிடைத்து ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, பெண்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அந்த 3,500 ரூபாய் விசிட்டிங் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. நோய்க்குத்தான் அந்தச் சட்டம். மூல நட்சத்திரத்தில் பிறப்பது நோய்ப் பட்டியலில் வராததால் தகடு விற்கிறவர்கள் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். பயத்தைக் கிளப்புகிற மேஜையிலேயே மருந்தையும் விற்பது, அதுவும் கமிஷனுக்கு, எனக்கு ஒப்பவில்லை. எங்கள் அப்பா தாயத்துக்கு வெள்ளி எடையும் கூலியும் மட்டும்தான் வாங்கினார்.

எனக்கும் ஒன்று செய்து கட்டினார். ஏழாவது வீட்டார் போன பிறகு அம்மா ஒரு மந்திரவாதியைப் பிடித்து, தகடு வாங்கி வந்து அப்பாவின் கையில் திணித்தாள். அவர் ஒன்றும் பேசாமல் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குழாய் செய்தார். கறுப்புக் கயிற்றில் கோத்து, ரவிக்கைக் கைக்குள் மறையும்படி மேல்கையில் கட்டினாள் அம்மா. கல்யாணம் வரைக்கும் ஐந்து வருடம் அது என் கையில் இருந்தது. வெயில் காலத்தில் அந்த இடத்தில் மட்டும் வேர்க்குரு வரும். அப்பா போய்ச் சில வருடம் கழித்து ஒரு சித்திரை மாதம் பீரோவைத் துடைக்கும்போது எடுத்துப் பார்த்தேன். அரக்கு வெடித்து மூடி கழன்று வந்துவிட்டது. உள்ளே தகடு இல்லை. நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்று பீடி போலச் சுருட்டி வைத்திருந்தது. விரித்தால் செவ்வாய்க்கிழமை, சூலம் வடக்கு, பரிகாரம் பால்.

குழாய் கலகலவென்று ஆடாமல் இருக்க இப்படித் தாள் சுருட்டி வைப்பது அப்பாவுக்கு வழக்கம்தான். ஆனால் அந்தத் தகடு எங்கே போயிற்று, மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே வைக்காமல் விட்டாரா? கேட்க அவர் இல்லை. ஐந்து வருடம் நான் கையில் கட்டிக்கொண்டு திரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமையை.

"மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய" என்பீர்கள். கேட்கட்டும். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டார் மூலம் வேண்டாம் என்றால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? எல்லா ஜாதகத்தையும் ஒரே அடுக்கில் வையுங்கள், வருகிறவர்கள் புரட்டட்டும். படிப்பைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, பெண் பிடித்துப் போய், கடைசியில் நட்சத்திரக் கட்டத்துக்கு வரும்போது பத்தில் இரண்டு வீட்டாராவது "பரவாயில்லை" என்பார்கள் என்று நம்புகிறேன். அந்த இரண்டு பேரை அந்தப் பெண் சந்திக்க முடியாமல் செய்வது உங்கள் ரப்பர் பேண்ட்தான். அப்படியே தகடு விற்கிறவரின் கார்டையும் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெண்களைப் பெற்றவர்கள் யாராவது உங்கள் மையத்தில் அழுதால், வைகாசிக் கடைசியில் வானம் தெளிந்த ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போங்கள். தென்கிழக்கே கடலுக்கு மேல் ஒரு தேள் தெரியும். நெஞ்சில் சிவப்பாக மின்னுவதுதான் கேட்டை. அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் இங்கே வந்து சேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்திலிருக்கிற செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. வளைந்து போகிற வால் நுனிதான் மூலம். மூத்தாரையும் மாமனாரையும் அது அங்கிருந்து எப்படிக் கண்டுபிடிக்கும் என்று மணலில் சுண்டல் தின்றுகொண்டே யோசிக்கலாம். நான் என் தம்பி மகளைப் போன வருடம் கூட்டிப் போனேன். "அழகாத்தான் இருக்கு அத்தை" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை புதிய படிவம் ஒன்று வாங்க வருகிறோம். பழையதைக் கிழித்துவிட்டு இதைப் பொது அடுக்கில் வையுங்கள். நட்சத்திரம் என்ற இடத்தில் மூலம் என்றே எழுதுவேன், பூராடம் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். முழு உயர போட்டோ ஒன்று குறைகிறது என்று அந்தப் பெண் சொன்னாள், எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூல நட்சத்திரத்தாள் ஒருத்தி,
கடலூர் முதுநகர்.